பழையதும் இரண்டு மாத்திரையும்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் தாராசுரத்துக் கோபுரத்தையும், பாபநாசத்தருகே நாயக்கர் காலத்தில் எழுப்பிய நெற்களஞ்சியத்தையும், வாழைக் கொல்லைகளையும் பார்த்துக்கொண்டு போவது வழக்கம். நானோ ஏறக்குறைய மூன்று வருஷ காலம் அந்த நாற்பது கிலோமீட்டர்ச் சாலையை அதன் கழிப்பறைகளைக் கொண்டு மட்டுமே அறிந்திருந்தேன். எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எந்த ஓட்டலில் காபி சாப்பிடாமலே பின்கட்டுக்குப் போக அனுமதிப்பார்கள், எந்தப் பேருந்து நிலையத்தில் சில்லறை இல்லாவிட்டாலும் உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம், பஞ்சாங்கம் பார்க்கிறவருக்கு ராகுகாலம் தெரிந்திருப்பதுபோல் எனக்கு மனப்பாடம். ஜன்னலோரத்து இருக்கை காலியாக இருந்தாலும் அதில் உட்காரமாட்டேன்; படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாருடைய பையும் தோளில் இடிக்கும் அந்த இருக்கைதான் எனக்குச் சிம்மாசனம்.

இதை இப்போது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில், மூன்று பந்தி எழுந்த பிறகும் சாப்பிட வராமல், மண்டபத்தின் பின்வாசல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த வாலிபர் ஒருவரைக் கண்டேன். அவர் கண்கள் மணமேடையின் பக்கம் போகவில்லை. இடப்புறத்து நடையின் கோடியில் இருந்த கதவின்மேலேயே இருந்தன. பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா? பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எத்தனை நாளா தம்பி?" என்று மட்டும் கேட்டேன். "எது சார்?" என்று திகைத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுக் கழித்து, தாழ்ந்த குரலில், "ஏழு மாசமா சார். மூலம்னு சொல்றாங்க" என்றார்.

அந்த ஒரு சொல் என்னைப் பத்து வருஷம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அவரிடம் சொன்னவற்றையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே இதை ஒரு நோயாளியின் வாக்குமூலமாக மட்டும் வாசித்து, மருந்து விஷயத்தில் அவரவர் வைத்தியரின் வாக்கையே பிரமாணமாகக் கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

* * *

எங்கள் ஊர் அரசலாற்றங்கரையில் இருக்கிறது. 2015-ஆம் வருஷம் தை மாதம், சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில்தான், மலத்தோடு ரத்தம் போவதை முதன்முதலாகக் கண்டேன். வீட்டில் சொன்னதும், எண்பது வயதைக் கடந்த என் அத்தை, தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மூலச்சூடுடா தம்பி. ராத்திரி கண் முழிக்காதே. சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளி. கருணைக்கிழங்கு மசியல் பண்ணச் சொல்றேன், ஒரு மண்டலம் சாப்பிடு." அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்ய எங்கள் வீட்டில் யாருக்கும் வழக்கமில்லை. நாற்பத்தெட்டு நாள் கருணைக்கிழங்கு சாப்பிட்டேன். நாக்கு அரித்ததே ஒழிய ரத்தம் நிற்கவில்லை.

அடுத்தது மருந்துக்கடை. ரத்தத்தோடு சளியும் போகிறது என்று கேட்ட கடைக்காரர், "சீதபேதி சார், அமீபாவா இருக்கும்" என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நதிகளும் குளங்களும் நிறைந்த எங்கள் நாட்டில் சீதபேதி அறியாத குடும்பம் கிடையாது. ஆகையால் அவர் சொன்னது அநியாயமான அனுமானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஐந்து நாள் மாத்திரையை, ஒரு மலப் பரிசோதனைகூடச் செய்துகொள்ளாமல், நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டேனே, அந்த அவிவேகம் என்னுடையது. வாயில் தகரத்தைக் கடித்தாற்போல ஒரு கசப்பு மிஞ்சியது. சித்திரையில் பார்த்தபோது ஒன்பது கிலோ எடை குறைந்திருந்தது. இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

ரத்தம் என்றதும் மூலம் என்று முடிவு கட்டுவது நம் நாட்டின் பரம்பரை வழக்கம் என்பதால், அந்த இரண்டுக்கும் உள்ள பேதத்தை அனுபவத்தில் அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மூலத்தில் பெரும்பாலும் மலம் கழிந்தபின் சிவப்பாகச் சொட்டும்; அது ஆளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவதில்லை. எனக்கோ ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்தே போயின. எழுந்து ஓடாவிட்டால் மானம் போய்விடும் என்ற அவசரம் இருந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தால் கடுப்புத்தான், வேறொன்றும் இல்லை. நடுநிசியில் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. இவற்றோடு மூட்டு வலி, வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவையும் சிலருக்கு வருமாம். எனக்கு முழங்கால் வலி வந்தது. வயசாகிவிட்டது என்று அதற்கு ஒரு தைலம் தடவிக்கொண்டிருந்தேன். வலிக்கென்று வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளில் சில குடற்புண்ணைக் கிளறிவிடக்கூடியவை என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு குடல் நோய் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தேன். கொலோனோஸ்கோபி என்ற பரிசோதனைக்கு முன்னே குடலைச் சுத்தம் செய்வதற்காக இரண்டு லிட்டர் உப்புக்கரிக்கிற திரவத்தைக் குடிக்கச் சொல்வார்கள். பரிசோதனை சிறிய விஷயம், அந்த இரண்டு லிட்டர்தான் பெரிய விஷயம். மறுநாள் திரையில் என் பெருங்குடலை நானே பார்த்தேன். ஆரோக்கியமான பகுதி இளஞ்சிவப்பாக, உள்ளே ஓடும் ரத்தநாளங்களின் ரேகைகள் தெரிய, பளபளவென்றிருந்தது. ஆசனவாயிலிருந்து மேலே ஒரு முழத்துக்கு அந்த ரேகைகள் அழிந்து, தோலுரிந்த முழங்கைபோல் சிவந்து, தொட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. "இது மூலமில்லை சார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடல் அழற்சி" என்றார் டாக்டர். பிறகு, "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். முப்பது வருஷப் பழக்கத்தை விட்டொழித்து ஒரு வருஷம் ஆயிற்று என்பதை, பாராட்டை எதிர்பார்க்கும் மாணவனைப்போலச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இந்த ஒரு நோய் மட்டும், விசித்திரமாக, புகைக்கிறவர்களைவிடப் புகையை விட்டவர்களுக்கே அதிகமாக வருகிறதாம். இதன் பங்காளியான கிரோன்ஸ் நோயோ புகையால் மேலும் மோசமாகுமாம். "அதுக்காக மறுபடி ஆரம்பிச்சிடாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னார்.

* * *

சரித்திர ஆசிரியனுக்கு ஒரு நோய் வந்தால் அவன் முதலில் தேடுவது மருந்தை அல்ல, அந்த நோயின் பூர்வோத்தரத்தை. லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் 1859-இல் எழுதிய குறிப்பொன்றில்தான் இந்தப் பெருங்குடல் நோய் சாதாரணச் சீதபேதியிலிருந்து வேறாகப் பிரித்துப் பேசப்பட்டது என்பார்கள். மற்றொன்று, சிறுகுடலின் கடைக்கோடியை விரும்பிப் பற்றுவது; நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் கிரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்ற மூவர் 1932-இல் அதை விவரித்தார்கள்; அகர வரிசையில் முதலில் நின்ற பாக்கியத்தால் அது கிரோன் பெயரைப் பெற்றது. அவர்களுக்கு முன்பே 1913-இல், டால்சியல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அதே மாதிரியான குடல்களைக் கண்டு, மாடுகளுக்கு வரும் ஒரு குடல் நோயோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார். அந்த மாட்டு நோயை உண்டாக்கும் கிருமிக்கும் மனித நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்ற விவாதம் நூறு வருஷம் கழிந்தும் முடிந்தபாடில்லை.

இரண்டு பங்காளிகளுக்கும் குணபேதம் உண்டு. என்னுடையது பெருங்குடலோடு நின்றுவிடும். கீழேயிருந்து தொடங்கி இடைவெளி விடாமல் மேலேறும். உள்தோலை மட்டும் புண்ணாக்கும். கிரோன்ஸ், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரும், விட்டுவிட்டுத் தாவும், குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும், அதனால் குடல் சுருங்கி அடைபடுவதும், பவுத்திரம் வைப்பதும் உண்டு.

காரணம் என்ன என்று கேட்டால், டாக்டர் சொன்ன உவமானத்தையே சொல்கிறேன். கள்ளனைப் பிடிக்க வைத்த காவலாள், கள்ளன் போன பிறகும், அல்லது வராமலே இருந்தும், வீட்டுக்காரனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. குடலுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றுக்கும் காவலாளுக்கும் இருந்த பழைய சமாதானம் எங்கோ குலைந்துவிடுகிறது. குலைத்தது யார்? 2001-இல் நாட்-2 என்ற மரபணுவில் சில மாறுதல்களை மேனாட்டுக் கிரோன்ஸ் நோயாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். அந்த மாறுதல்கள் நம் நாட்டவரிடம் அரிதாகவே காணப்படுகின்றன. ஆகவே மரபணு மட்டும் குற்றவாளி அல்ல. குழந்தைப் பருவத்தில் தேவையின்றிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மருந்துகள், ஆலையிலிருந்து பொட்டலத்தில் வரும் ஆகாரம், நார்ச்சத்துக் குறைந்த தட்டு, கிருமிகளோடு பழகாத அதிசுத்தமான வளர்ப்பு என்று ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் இருக்கிறது. ஒன்றின் மேலும் தீர்ப்பு இல்லை.

இது வெள்ளைக்காரர்களின் வியாதி, அரிசிச் சோறு தின்கிறவனை அண்டாது என்று நானும் ஒரு காலத்தில் ஆறுதல் கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியர்களுக்கு இந்தப் பெருங்குடல் நோய் அவ்வூர் வெள்ளையரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு வருவதாக 1992-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று செய்த ஆய்வொன்று, லட்சம் பேரில் 44 பேருக்கு இந்நோய் இருப்பதாக 2003-இல் கணக்குக் காட்டியது. ஆக, ஊரை விட்டுப் போனவர்களையும் அது விடவில்லை, ஊரிலேயே இருந்தவர்களையும் விடவில்லை.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நோய் வந்ததும், "எதைத் தின்று இதை வரவழைத்துக்கொண்டாய்?" என்று ஊர் கேட்கிறது, வெளியே கேட்கிற ஊரைவிட உள்ளேயிருந்து கேட்கிற மனசுதான் பொல்லாதது. கல்லூரி நாளில் சாப்பிட்ட புரோட்டாவா, கண் விழித்துத் திருத்திய விடைத்தாளா, குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்ட படையலா என்று வருஷக்கணக்கில் விசாரணை நடத்தினேன். உலகத்து வைத்தியர்கள் எல்லாரும் சேர்ந்தும் தனியொரு குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாத வழக்கில், நோயாளி தன்னையே கூண்டில் ஏற்றிக்கொள்வதில் நியாயம் இல்லை.

* * *

நம் தேசத்தில் இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கு மற்றோர் இடையூறும் உண்டு. அதை என் தங்கை மகன் மூலம் அறிந்தேன். இருபத்திரண்டு வயதில் அவனுக்கு வலது அடிவயிற்றில் வலியும், சாயங்காலக் காய்ச்சலும், மெலிவும் கண்டன. சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற சந்தியில் புண் இருந்தது. அந்த இடம் கிரோன்ஸ் நோய்க்கு எவ்வளவு பிரியமானதோ, குடலில் வருகிற காசநோய்க்கும் அவ்வளவு பிரியமானது. தசையைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டும் உடன்பிறந்தவைபோல் தோன்றும். இந்த இரண்டையும் திசுவைக் கொண்டு எப்படிப் பிரித்தறிவது என்பதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுகிறது. தவறாகக் கணித்தால் விளைவும் லேசானதல்ல: காசநோய்க்காரனுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவும், கிரோன்ஸ் நோயாளிக்குக் காசநோய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த மாதங்களில் குடல் சுருங்கும்.

அவனுக்கு முதலில் ஆறு மாதம் காசநோய் மாத்திரைதான் கொடுத்தார்கள். காய்ச்சல் தணிந்தது, புண் ஆறவில்லை, அதன் பிறகே கிரோன்ஸ் என்று தீர்மானமாயிற்று. "ஆறு மாசம் வீணாப் போச்சே மாமா" என்றான். வீணல்ல, இருட்டில் இரண்டு கதவில் ஒன்றைத் தட்டிப் பார்த்துத்தான் மற்றதற்குப் போக வேண்டியிருக்கிறது என்றேன். எனக்கு அந்தச் சமாதானம் திருப்தியாக இருந்தது. அவனுக்கு இருந்ததா என்பது சந்தேகம்.

* * *

இனிச் சிகிச்சை. ஸ்வீடன் தேசத்து நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண்மருத்துவர், மூட்டுவாதத்துக்காக ஸல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரின் வகையறா மருந்தையும் இணைத்து உருவாக்கியதுதான் ஸல்ஃபாஸலஸின்; அது மூட்டைக் காட்டிலும் குடலுக்குப் பேருதவி செய்வதை 1940-களில் கண்டார்கள். அந்த ஜோடியில் குடலைக் குணப்படுத்துவது எந்தப் பாதி என்பதை 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரித்துக் காட்டியவர்களில் முதல்வர் ஆஸாத் கான் என்ற வங்காள தேசத்து மருத்துவர். அந்தப் பாதிதான் இன்று மெசலமைன் என்ற பெயரில் எனக்குத் தினசரி இரண்டு மாத்திரையாக வந்து சேருகிறது.

மாத்திரையோடு, ஆசனவாய் வழியே வைக்கிற மருந்தும் கொடுத்தார்கள். சங்கோஜத்தால் அதைப் பெட்டி பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டேன். புண் கீழ்க்குடலில் இருக்கும்போது வாய்வழி மாத்திரையைவிட அதுவே நேராகப் போய் வேலை செய்யும் என்பதை டாக்டர் மறுபடி விளக்கிய பிறகு, வெட்கத்தைப் பரணில் போட்டுவிட்டு மருந்தை இறக்கினேன். பத்தே நாளில் ரத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் வேட்டி பெல்ட் இல்லாமல் நின்றது.

நான் செய்த பெரிய பிழை இதற்கப்புறம்தான். ஏழு மாதம் ஓர் உபாதையும் இல்லாதிருக்கவே, பூரண குணமாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தினேன். ஒரு மாதம், இரண்டு மாதம் ஒன்றும் நேரவில்லை. அதுவே என் புத்திசாலித்தனத்துக்கு நற்சான்று என்று இருந்தேன். மறு ஐப்பசியில், அடைமழை பிடித்த ஒரு ராத்திரி, ஒன்பது தடவை எழுந்தேன். இம்முறை மெசலமைனுக்கு அடங்கவில்லை. கார்ட்டிஸோன் என்ற ஸ்டீராய்டு இந்நோயின் உக்கிரத்தை அடக்கும் என்பதை 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் முறையான பரிசோதனையால் நிரூபித்தார்கள். அதன் வழிவந்த பிரெட்னிசலோன் என்னையும் காப்பாற்றியது. ஆனால் அது வீட்டுக்கு வந்த தீயணைப்பு வண்டி மாதிரி. அணைத்ததும் போய்விட வேண்டும், தங்கினால் வீடு நாசம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியது, தூக்கம் போயிற்று, முகம் பௌர்ணமிச் சந்திரன்போல் வீங்கிற்று. கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள், "சார் இப்பத்தான் ஆளாகி இருக்கீங்க, நல்லா சதை பிடிச்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார்கள். படிப்படியாகக் குறைத்து அதை நிறுத்துவதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்தப் பங்குனியில் ஒரு நாள், எங்கள் வாய்க்கால் தலைப்பில் நடந்துபோகும்போது, ஆற்றில் முழங்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லாத அந்தக் காலத்தில், மதகுப் பலகையை ஏற்றியிறக்கும் இரும்புத் திருகுக்குப் பொதுப்பணித்துறை லஸ்கர் ஒருவர் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். "தண்ணியே இல்லையே, இப்ப எதுக்கு இது?" என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "தண்ணி வர்றப்ப திருகு பிடிச்சிக்கிட்டா யாருக்குப் பதில் சொல்றது சார்? இப்பப் போட்டாத்தான் அப்பத் திரும்பும்." டாக்டர் மூன்று தடவை சொல்லியும் என் மண்டையில் ஏறாத விஷயம் அங்கே ஏறிற்று. இந்த நோய்க்கு நோயுள்ள காலத்தில் செய்யும் சிகிச்சை பாதிதான். நோய் இல்லாத காலத்தில் செய்வதுதான் மறுபாதி.

இதற்கும் மேலான மருந்துகள் உண்டு. எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் அசத்தியோபிரின் சாப்பிடுகிறவர்கள், நம்மவரில் சிலருக்கு அதனால் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. 1998-இல் அமெரிக்காவில் கிரோன்ஸ் நோய்க்கு அனுமதிக்கப்பட்ட இன்ஃப்ளிக்ஸிமாப்பும், அதன்பின் வந்த அடாலிமுமாப்பும் ஊசி மருந்துகள். பின்னதன் நிகர்மருந்தை 2014-இல் நம் நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியதால் விலை ஓரளவு இறங்கியது. என் தங்கை மகன் அதில்தான் இருக்கிறான். ஊசி போடுமுன் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே போடுகிறார்கள். தூங்குகிற காசநோயை அது எழுப்பிவிடக்கூடும். எதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலிலேயே ஒரு பை அமைக்கும் அறுவைச் சிகிச்சையும் 1978-லிருந்து இருக்கிறது. நோய் கண்டு எட்டு வருஷம் ஆனவர்கள், உபாதை இல்லாவிட்டாலும், புற்று எதுவும் தலையெடுக்கிறதா என்று கொலோனோஸ்கோபி செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் அந்த இரண்டு லிட்டரை மறுபடி குடித்தேன், ருசி மாறவில்லை.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்தரி மகாலில் தேசிய வைத்தியர்களையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் ஒருங்கே வைத்துப் பரிசோதித்த தஞ்சாவூரில் பிறந்த எனக்கு, நம் வைத்தியத்தைப் பரிகசிக்கும் தைரியம் கிடையாது. கிரகணி என்று நம் முன்னோர் ஒரு நெடுநாள் கழிச்சலை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மன்னரே கண் நோயாளிகளுக்கு ஆள்வாரியாகக் குறிப்பெழுதி, கண்ணின் படம் வரைந்து, சரஸ்வதி மகாலில் இன்றும் காணும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று எழுதி வைப்பதே அவருடைய முறை. கலவை இன்னதென்று சொல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடுங்க" என்கிறவர் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் அல்லர்.

* * *

கடைசியாக ஆகாரம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பத்துக்குப் பத்துப் பேரும் பேசுவது இதைத்தான். நோய் உக்கிரமாக இருந்தபோது குழைந்த சோறும், பாசிப்பருப்பும், வாழைப்பழமுமே தாங்கின. காரமும், பச்சைக் காய்கறியும், பாலும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றொருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளலாம். ஆகவே என் பத்தியத்தை உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். எல்லாவற்றையும் பயந்து விட்டுவிட்டு எலும்பும் தோலுமாக நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அதுவும் ஒரு வியாதி.

அத்தைக்கு மட்டும் ஒரு நம்பிக்கை மாறவேயில்லை. "எங்க அப்பா காலத்துல வயல்ல இறங்கறவன் ஒருத்தனுக்கும் இந்த வியாதி கிடையாது. காலம்பர பழையதும் சின்ன வெங்காயமும். நீங்கதான் இட்லி, பூரின்னு மாறிட்டீங்க" என்பாள். அவள் ஆதாரத்தை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் வயிற்றோட்டத்தால் செத்தவர்களை எந்தக் குழாய் விட்டு யார் பார்த்தார்கள்? ஆனால் சில வருஷங்களுக்கு முன், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர், இதே குடல் அழற்சி நோய்களுக்குப் பழைய சோறு உதவுமா என்று அரசின் நிதியோடு ஓர் ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்துக் காட்டியபோது, அவள் ஆச்சரியப்படவில்லை. "இதுக்கு எதுக்குடா ஆராய்ச்சி?" என்றாள்.

அதில் யோசிக்கத்தக்க நியாயம் இருக்கிறது. சோறு வெந்து ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை உண்டு பியூட்ரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்தோல் அணுக்கள் முக்கியமாக உண்டு வாழ்வது அதைத்தான் என்பது 1980-லேயே தெரிந்த விஷயம். செரிக்காத இந்த மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலோடு காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதி சீக்கிரம் நிற்பதை வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் 2000-இல் நிரூபித்தார்கள். இரவெல்லாம் நீரில் ஊறிப் புளிக்கும்போது லாக்டிக் அமிலம் தரும் நுண்ணுயிர்களும் அதில் பெருகுகின்றன. ஆனால் காலரா வேறு, என் நோய் வேறு. பழையது நல்ல ஆகாரம் என்று சொல்ல எனக்குத் தடையில்லை. அது மருந்து என்று சொல்ல, முடிந்து வெளிவந்த ஆய்வு வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பானையின் சுத்தத்தையும் நீரின் சுத்தத்தையும் பார்க்காமல் அதில் கை வைக்கவும் கூடாது.

என் வீட்டில் இப்போது காலை ஏழு மணிக்குக் கொதித்தாறிய நீரில் ஊறிய ஒரு கிண்ணம் பழையது, சிறிது மோர், இரண்டு சின்ன வெங்காயம். பச்சை மிளகாயை மட்டும் அத்தை பக்கம் தள்ளிவிடுவேன். பக்கத்திலேயே அந்த இரண்டு மாத்திரை. "இது இருக்கறப்ப அது எதுக்குடா?" என்று அவள் மாத்திரையைக் காட்டிக் கேட்பாள், "அது இருக்கறதாலதான் அத்தை இதைச் சாப்பிட முடியுது" என்பேன்.

அந்த வாலிபர் போன வாரம் பேசினார். கொலோனோஸ்கோபி ஆயிற்றாம், மூலமில்லையாம், பெயர் தெரிந்துவிட்டதாம். "ஒரே ஒரு சந்தேகம் சார்" என்று தயங்கி, "கும்பகோணத்திலேர்ந்து தஞ்சாவூர் போற வழியில..." என்று இழுத்தார். புரிந்துகொண்டேன். பாபநாசத்தில் ஒன்றும், அய்யம்பேட்டை தாண்டி ஒன்றும், தாழ்ப்பாள் சகிதம், அடையாளம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் இப்போதெல்லாம் ஜன்னலோரத்து இருக்கையில்தான் உட்காருகிறேன். நெற்களஞ்சியத்தின் கூம்பு தெரிகிறது. வயலில் நாற்றுமுடி விளம்புவது தெரிகிறது. ஆனால் அந்த இரண்டு கதவுகளையும் பேருந்து கடக்கும்போது கண் தானாகத் திரும்புகிறது. அவற்றை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.